வீட்டுக்காரர் பேரில் குடித்தவள்

அக்கா,

நேற்று ஆட்டுக்கறிக்கு மசாலா வறுக்கும்போது கிராம்பு வாசம் மூக்கில் ஏறியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, "என்னம்மா, பல்லு வலியா?" என்று கேட்ட குரல் காதில் விழுந்தது. எனக்கு ஒரு நாளும் பல் வலித்ததில்லை. குடித்த சம்சுச் சாராயத்தின் நாற்றத்தை மறைக்கக் கிராம்பு மென்ற காலம் அது.

உள்ளதைச் சொல்கிறேன், திருந்தும் ஆசையில் நான் குடியை விட்டவர்களின் கூட்டத்தைத் தேடி வரவில்லை. ஏழு வயது மகளை என் நாத்தனார் ஆயர் ஈத்தாமில் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "குடிய விட்டுட்டு வா, பிள்ளைய தர்றேன்" என்றாள். ஃபேக்டரியில் யாரோ சொன்னதைக் கேட்டு முதலில் ஓர் ஆங்கிலக் கூட்டத்துக்குப் போனேன். நல்லவர்கள்தான். ஆனால் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த பாதிக்குப் பதில் சொல்ல வாயில் ஆங்கிலம் இல்லை. அங்கிருந்த ஒருவர்தான் டவுனில் ஒரு கிளினிக் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தமிழில் நடக்கிறது என்றார்.

படியேறினேன். சேலையும் பொட்டுமாக நின்றவளைப் பார்த்ததும் வாசலில் இருந்தவர், "வீட்டுக்காரருக்காக வந்தீங்களா? பொம்பளைங்களுக்கு எதிர் ரூம்மா" என்று கை காட்டினார். நானும் மறுக்கவில்லை. குடிக்கிறவர்களின் மனைவிமாரோடு நீங்களும் இருந்த அறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். என் முறை வந்தபோது, பீர் பாட்டிலைக்கூடத் தொட்டறியாத மனுஷனை, தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கிற மனுஷனை, பெருங்குடிகாரன் ஆக்கினேன். என் குடியை அப்படியே அவர் தலையில் கட்டினேன். மூன்று ஞாயிறு. சொல்லச் சொல்ல எனக்கே அழுகை வந்தது, எல்லாரும் தேற்றினார்கள். அவர்களில் ஒருத்தி ஜெலுத்தோங் பசாரில் என்னோடு காய் வாங்க வந்த அவரை முறைத்துவிட்டுப் போனாள். பாவம், ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

நீங்கள்தான் பிடித்தீர்கள். மூன்றாம் ஞாயிறு, "அரிசி டின்னுக்குள்ள பாட்டில ஒளிச்சு வைப்பாரு" என்று அறையில் சொல்லியிருந்தேன். கூட்டம் முடிந்து, பல் வலியை விசாரித்த கையோடு அடுத்ததைக் கேட்டீர்கள்.

"உங்க வீட்டுல சோறு ஆக்குறது யாரு?"

"நான்தான் அக்கா."

"தெனம் அரிசி டின்னுல கை விடுற பொண்டாட்டிக்குத் தெரியாம ஒளிக்கிறவன், அந்த டின்னுலயேவா ஒளிப்பான்?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "உங்க வேலையப் பாருங்க" என்றேன். உங்கள் பஸ் வந்தது, நீங்கள் ஏறவில்லை. நான் அழுது முடிக்கும்வரை நின்றீர்கள். "வியாதி உனக்கு, மருந்து எங்க ரூம்ல தேடுனா கிடைக்குமா? அடுத்த வாரம் எதிர் ரூமுக்குப் போறோம்லா" என்றீர்கள்.

உங்கள் கணவர் கடைசிவரை அந்த அறை வாசலை மிதிக்கவில்லை. அவர் என்றைக்காவது வருவார் என்றுதான் வாரம் தவறாமல் நீங்கள் அந்த மாடிக்கு வந்துகொண்டிருந்தீர்கள். அவரை இழுத்துப்போக முடியாத அறைக்கு என்னை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போனீர்கள்.

உள்ளே பன்னிரண்டு ஆண்கள் இருந்தார்கள். லாரி ஓட்டும் பெரியவர் ஒருவர், "பொம்பள இருந்தா நாங்க எப்படிம்மா மனசு விட்டுப் பேசுறது?" என்றார். நியாயமாகத்தான் கேட்டார். நான் எழுந்துவிட்டேன்.

நீங்கள் என் தோளை அழுத்தி உட்கார வைத்தீர்கள். "பொம்பளைங்ககிட்ட மறைச்சுத்தானே அண்ணே இத்தன வருஷம் குடிச்சீங்க? இங்கயும் மறைக்கணுமா?"

அந்தப் பெரியவரே தேநீர் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். நான் சொன்னேன்: "குடிக்கிறது எங்க வீட்டுக்காரர் இல்ல. நான்." வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டு தடவை வழுக்கி மறுபடி குடித்தேன். இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், சேலை மாற்றச் சொல்லி கூட்டத்துக்கு அழைத்துப் போனீர்கள். எட்டு மாதம் கழித்து மகள் வீடு வந்தாள்.

இப்போது அவளுக்குக் கல்யாண வயது. போன ஞாயிறு சுங்கை பினாங்கிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். "இன்னிக்கு ஒரு நாள் போகாட்டி என்ன? கல்யாணம் முடியட்டுமே" என்றார் இவர். பதின்மூன்று வருடமாக ஒரு ஞாயிறு விட்டதில்லை, இதற்காகவா விடுவேன்? நேரமானதும், "எனக்கு ஒரு கூட்டம் இருக்கு" என்று எழுந்தேன். மாப்பிள்ளையின் அம்மா, "கோயில் கூட்டமாங்க?" என்றார்.

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிட்டது. இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க. குடிய விட்டவங்க கூட்டம். நான் குடிச்சவ" என்றேன்.

அந்த அம்மா பலகாரத் தட்டைக் கீழே வைத்தார். மகள் என் கைப்பையை எடுத்து வந்து, எல்லார் முன்னாலும் நீட்டினாள். "கிளம்புங்கம்மா, பஸ் போயிடும்" என்றாள்.

இன்னும் பதில் வரவில்லை. இவரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மகளுக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் அக்கா, அவர்கள் சரி என்று சொல்லட்டும், வேண்டாம் என்று சொல்லட்டும். என் குடியை இனி எந்த ஆம்பிளை பேரிலும் சொல்ல மாட்டேன்.