செல்லாயி சொன்ன வாக்கியம்

ஐப்பசி, திங்கள்

விடிய முதல் மழை. பள்ளிக்கூடத்துக்குள்ளும் மழை. பள்ளிக்கூடம் என்று சொல்வது நான் மட்டும்தான். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கிற லயத்துக் கோடியில் கோப்பிச் சாக்கு அடுக்குகிற கொட்டில் அது. கோப்பிப் பழக்காலம் தொடங்கிவிட்டதால் பெரிய பிள்ளைகள் மலைக்கு, பறிக்க. மிச்சம் சின்னதுகள்.

செய்ய வேண்டியவை: கூரைக்கு மானாப்புல். சிலேட்டுக் குச்சி. ஊருக்குக் கடிதம் (போன கிழமையும் இதையே எழுதினேன்).

பாதிரியார் ஆள் அனுப்பினார். வியாழன் தோட்டத்துத் துரை பள்ளிக்கூடம் பார்க்க வருகிறாராம். பிடித்தால் நடக்கும். பிடிக்காவிட்டால் கொட்டில் மறுபடி சாக்குக்கு, நான் யாழ்ப்பாணத்துக்கு.

இன்று வினையடை. "அவன் எப்படி நடந்தான்?"

"காலாலதாங்க."

சிரிப்பு. எனக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

செவ்வாய்

அதே மழை. தலையிடி. "மயில் அழகாக ஆடியது." மயிலை இங்கே ஒருத்தரும் கண்டதில்லை. "அரசன் கம்பீரமாக வந்தான்." அரசன் என்றால் துரையா, பெரிய கங்காணியா என்று பின்வரிசை வாங்கில் அடிபிடி. இதுகளுக்கு வினையடை படிப்பிக்கச் சொன்ன புண்ணியவான் யாரோ!

புத்தகத்தை மூடினேன். வீட்டிலே, மலையிலே கண்டதைச் சொல்லுங்கோ, வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

அப்பாடா. வாய் திறந்தன.

"கங்காணி சத்தமா ஏசுறாரு."

"அட்டை கால்ல மெதுவா ஏறும், நமக்குத் தெரியாது."

செல்லாயிக்கு எட்டு வயதிருக்கும். பழம் பறிக்கிற காத்தாயியின் ஒரே பிள்ளை, தகப்பன் இல்லை. அவளுக்கு ஒன்று போதாது, இரண்டாகத்தான் சொல்ல வேண்டும். "மழ பலமா பேயுது, கூர மெதுவா ஒழுவுது." கெட்டிக்காரி. வியாழன் இவள்தான் முன்னுக்கு.

புதன்

காய்ச்சல் வருகிற குணம். கொத்தமல்லி குடித்தேன். நாளைக்குப் போட வெள்ளைச் சால்வை காயவில்லை.

வியாழன்

வெயில். துரை குதிரையில். பின்னால் கங்காணி, புதுத் தலைப்பாகை. இருந்த ஒரே கதிரையைத் துரைக்குக் கொடுத்துவிட்டு நான் வேர்த்து ஊத்திக்கொண்டு நின்றேன். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் நன்றாக விளங்கும்.

செல்லாயி எழும்பிக் கையைக் கட்டினாள். "எங்காத்தா மெதுவா பழம் பறிக்கும். மத்தவங்க ரகசியமா அது சாக்குல போட்டு நெரப்புவாங்க."

என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். கடவுளே, தலையாட்டினேன். இரண்டு வினையடையும் சரியாக விழுந்ததே என்ற சந்தோஷம் எனக்கு. பிறகுதான் கங்காணியின் முகத்தைக் கண்டேன்.

துரை சிரித்தார். "ரொம்ப சரி. ஆத்தா பேரு என்னா?"

பெருமையாகச் சொன்னாள்.

வெள்ளி

காத்தாயிக்கு அட்டை கடித்த இடம் புண்ணாகி, கால் தூண் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. பறிக்கிற அளவு குறைந்தால் அன்றைக்குப் பேர் போடமாட்டார்கள், கூலி இல்லை. அதனால் பக்கத்து நிரையில் பறிக்கிற பெண்கள் ஆளுக்கொரு கை பழம் அவள் சாக்கில் போட்டு வந்திருக்கிறார்கள். லயம் முழுக்கத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

இன்று துரை அவளைத் தனி நிரையில் விடச் சொன்னாராம். சாக்கில் பாதிகூட இல்லை. பேரை வெட்டியாயிற்று. ஞாயிறு காலை லயத்து அறையை விட வேணும்.

கங்காணியிடம் ஓடினேன். "நான் கண்டும் காணாமத்தானே இருந்தேன் வாத்தியாரே. தொர காதுல விழுந்த பொறவு நான் என்னா பண்றது?" அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. பங்களாவுக்குப் போனேன். துரை படியிலேயே நிற்க வைத்து, "வாத்தியார் பள்ளிக்கூடம் பாரு" என்றார். பள்ளிக்கூடம் அவருக்கு நல்லாய்ப் பிடித்ததாம். நடத்தலாமாம். கரும்பலகையும் தருவாராம்.

வேண்டாம் என்று சொல்லத் துணிவு வரவில்லை. "நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனி

செல்லாயி வரவில்லை. மற்றதுகள் வந்தன. "நேற்று என்ன கண்டீர்கள்?" நாய் குரைத்ததைக்கூட ஒருத்தரும் காணவில்லையாம்.

கடைசியில் ஒரு பெட்டைப் பிள்ளை மெல்ல, "பொஸ்தகத்துல உள்ளதையே சொல்றோங்க. மயிலு அழகா ஆடுச்சு."

மற்றதுகளும் சேர்ந்து சொன்னதுகள். ஒரு பிழை இல்லை.

ஞாயிறு

பனி. கோயிலுக்குப் போகவில்லை. கொட்டில் வாசலில் காத்தாயி, தலையில் மூட்டை. கண்டியில் கோப்பிக்கொட்டை பொறுக்கி எடுக்கிற வேலை இருக்காம், உட்கார்ந்தே செய்யலாமாம். பின்னால் செல்லாயி, முகம் அழுது வீங்கி.

ஏசப்போகிறாள், ஏசட்டும் என்று நின்றேன்.

"ஒன்னு கேக்கணும் வாத்தியாரே. தப்பாச் சொல்லிட்டேன், தப்பாச் சொல்லிட்டேன்னு இந்தப் புள்ள ஒரே அழுவ. அது சொன்னது பாடத்துக்குச் சரிதானுங்களே?"

"சரி" என்றேன். "நல்லாச் சொன்னாள். எல்லாரிலும் பார்க்க நல்லாச் சொன்னாள்."

"கேட்டியாடி, வாத்தியாரே சொல்லிட்டாரு." முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். "வர்றோங்க."

கண்டிக்கு ஏழு மைல். அந்தக் காலோடு.