கையெழுத்துக்கு மேலே இருக்கும் எண்

உன் தம்பி போன மாதம் குமாரபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து உன் பச்சைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். திறந்ததும் பழைய ரப்பரும் காய்ந்த மண்ணும் கலந்த வாசனை. உன் ஸ்கூட்டரின் முன்பக்கம் எப்போதும் அப்படித்தான் மணக்கும். உள்ளே மண்ணின் மின்தடையை அளக்கும், கைப்பிடி சுற்றும் எர்த் டெஸ்டர், இரண்டு இரும்பு முளைகள், சுருட்டிய ஒயர்.

"லைசென்ஸ் அக்கா பேர்ல இருந்ததுங்க. எனக்கு அந்தப் படிப்பு இல்ல. திருப்பி எழுதிக் குடுத்துட்டேனுங்க. இது மட்டும் உங்களுக்குன்னு அக்கா கண்ண மூடறதுக்கு முந்தி சொல்லீட்டுப் போச்சுங்க" என்றான். ஏன் எனக்கு என்பது அவனுக்கும் தெரியவில்லை.

நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போனோம். நான் இயற்பியல் படித்து அதையே கற்பிக்கப் போனேன். நீ எலெக்ட்ரிகல் படித்து கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாங்கினாய். ஒயரிங் தெரிந்தவளுக்கு அரசாங்கம் எதற்கு ஒரு காகிதம் தர வேண்டும் என்று எனக்குச் சந்தேகம். என்ன கருவி வைத்திருக்கிறாய், அது சரியாகக் காட்டுகிறதா, வேலையை மேற்பார்வை பார்ப்பது யார் என்று கேட்பார்கள் என்றாய். வெறும் சடங்கு என்றேன்.

"ஊட்ட யாரு வேணாலும் கட்டலாம் புள்ள. சுவத்துக்குள்ள போனத அப்புறம் யாரு எட்டிப் பாக்கறது? உள்ள என்ன இருக்குதுன்னு ஒருத்தி பேரப் போட்டுச் சொல்லோணுமல்லோ?"

ஒருமுறை விசைத்தறிக் கூடம் ஒன்றுக்கு உன்னோடு வந்தேன். நீ ஒவ்வொரு மோட்டாராக அளந்துகொண்டிருந்தாய். முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்கம்மா, ஒரு கையெழுத்துக்கு இத்தன ரோசனைங்களா?" என்றார். "கையெழுத்து என்னுதுதானுங்க, எத்தன வேணாலும் போடுவேன். அதுக்கு மேல எழுதற நம்பர்தானுங்க என்னுது இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த மோட்டாரிடம் போனாய். அவர் என்னைப் பார்த்தார். நான் தறியைப் பார்த்தேன்.

பிறகு கொண்டப்பநாயக்கன்பட்டியில் என் வீடு. வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. அதற்கு நான்கு நாள் முன்னால், திங்களன்று நீ வந்து முளைகளை அடித்துக் கைப்பிடியைச் சுற்றினாய். முள் முப்பது ஓமைத் தாண்டி நின்றது. ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டியது.

"கீழ பூராம் பாறை. கசியற கரண்டு மண்ணுக்குள்ள எறங்க வழியே இல்ல. பின்னால செவ்வாழைகிட்ட இன்னொரு குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் எறக்கோணும். பத்து நாள் ஆகும்."

பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. உன் சோதனை அறிக்கை இல்லாமல் மின் இணைப்பு வராது. "இப்போதைக்கு ஒரு நம்பர் எழுதிக் கொடு, குழியை அடுத்த மாதம் வெட்டிக்கொள்கிறேன்" என்றேன்.

"நீயா சொல்ற? சோறு வெந்துதான்னு தொட்டுப் பார்த்தாத்தானே நம்புவ நீயி?" என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே ஒயரைச் சுருட்டிவிட்டாய்.

கட்டட மேஸ்திரி வேறொரு கான்ட்ராக்டரிடம் அறிக்கை வாங்கி வந்தார். அந்த மனிதர் எங்கள் தெருவைக்கூடப் பார்த்ததில்லை. இருக்க வேண்டிய எண் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது, இணைப்பும் வந்தது. விழாவுக்கு நீ குத்துவிளக்கோடு வந்தாய். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "எர்த்த யாரு அளந்தது?" என்று மட்டும் கேட்டாய். "வாங்கியாச்சு" என்றேன்.

குழியை வெட்டவில்லை. சித்திரை பிறந்தால் நீ போனில் கேட்பாய்: "குழிக்குத் தண்ணி ஊத்துனயா? காஞ்சா வேலை செய்யாது." ஊற்றினேன் என்பேன். இல்லாத குழிக்கு ஆறு கோடைகள் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். ஈரத் தரையில் நின்று வாஷிங் மெஷினைத் தொடும்போது அம்மா, "கரண்டு கடிக்குது சாமி" என்பாள். செருப்புப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். இயற்பியல் கற்பிக்கிறவள் தன் தாய்க்குச் சொன்ன வைத்தியம் அது.

பெட்டியின் அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. என் வீட்டுச் சோதனை அறிக்கை. எல்லாக் கட்டங்களையும் நிரப்பியிருக்கிறாய். எர்த் என்ற இடத்தில் அன்று முள் காட்டிய முப்பத்திரண்டு. கையெழுத்துக்கான இடம் காலி. இதை ஏன் வைத்திருந்தாய்? மறுபடி அளக்க நான் கூப்பிடுவேன் என்றா? நான் ஊற்றினேன் என்றபோதெல்லாம் உனக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டேதான் கேட்டாயா?

அன்று மாலையே முளைகளை அடித்து, கைப்பிடியைச் சுற்றினேன். நாற்பத்தொன்று. மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மறுநாள் குழி வெட்ட ஆள் சொன்னேன். பாறையை உடைத்துக் குழாய் இறங்க ஒன்பது நாள் ஆயிற்று. மெஷினுக்குள் கரண்டு கசிந்த ஒயரையும் மாற்றினார்கள். மீண்டும் சுற்றினேன். நான்கு.

ஆனால் என் அளவு எங்கே செல்லுபடியாகும்? எனக்கு லைசென்ஸ் இல்லையே. நாமக்கல்லிலிருந்து ஒரு கான்ட்ராக்டரை வரவழைத்தேன். வாசலிலேயே பேனாவை எடுத்தார்.

"நீங்களே ஃபிசிக்ஸ் மேடமுங்க. நீங்க அளந்ததுக்கு மேல நான் என்னத்தைங்க அளக்கறது? சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"நான் சொன்னா நம்பிடுவீங்களா?"

"ஏனுங்க நம்பாம?"

"நம்பாதீங்க. நானே பொய் சொல்லி இருக்கேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொல்லைக்கு வந்தார். உன் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். வெயிலில் குத்தவைத்து உட்கார்ந்து சுற்றினார். முள் நின்றதும் குனிந்து பார்த்தார். "நாலுதானுங்க" என்றார், என்னவோ நம்பாதீர்கள் என்ற நான் தோற்றுவிட்டதைப் போல. எழுதினார். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

உன் காகிதத்தை எடுத்தெறியவில்லை. புது அறிக்கையின் பின்னால் சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறேன். அந்தக் காலி இடம் காலியாகவே இருக்கட்டும்.

இந்தச் சித்திரையில் போன் வரவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். இன்று காலை செவ்வாழையருகே இரண்டு குடம் ஊற்றினேன். மண் உறிஞ்சும்வரை நின்று பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.