உத்தரம் ஏழின் வெள்ளைக் கோடு

நாள் 61, 07:40
வடக்குக் குவாரி நிலையம், நிலவு. காற்றழுத்தம் சரி. தண்ணீர் 340 லிட்டர். கணினிகள் நான்கும் ஓடுகின்றன. ஆள் ஒருவர்: ஹசீனா காதர், படவேலை.

இதைப் படிப்பவருக்கு என் வேலை என்னவென்று தெரியாமலிருக்கலாம். பதினெட்டு கிலோமீட்டர் தெற்கே மண்டபம் இருக்கிறது. இங்கே சிமென்ட் கிடையாது. அதனால் ஊர்க் கோயில் மண்டபங்களைப் போலவே தூண் நிறுத்தி, குறுக்கே உத்தரம் ஏற்றி, மேலே பலகைக்கல் பாவிக் கட்டியிருக்கிறார்கள். எல்லாம் இந்தக் குவாரியில் வெட்டிய நிலவுக் கல். அதற்குள் காற்றடைத்த கூடாரம், கூடாரத்துக்குள் பத்துப் பேர். கல்லில் விரிசல் விழுந்தால் முன்கூட்டியே சொல்ல, கேமராக்களோடு ஒரு கண்காணிப்பு இயந்திரம். அது பார்த்துக் கற்றுக்கொள்ள மூன்று லட்சம் படங்கள் வேண்டும். விரிசலுள்ள மண்டபம், விரிசலில்லாத மண்டபம், காலை வெயிலில், உச்சி வெயிலில். இடியப்போகும் மண்டபத்தை யாரும் போய்ப் படமெடுக்க முடியாது. அதனால் நான் கணினியில் உருவாக்குகிறேன்.

இன்று ஆறாவது முறையாக ஒரு தூண் உருவாக்கினேன். பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கிறது.

நாள் 63, 18:15
கல்லின் தோலை நாங்கள் டெக்ஸ்ச்சர் என்போம். அதுதான் வரமாட்டேன் என்கிறது. கையிலிருப்பவை பூமியில், ஒரு கருங்கல் மண்டபத்தில் எடுத்த படங்கள். அதில் ஆகாயத்தின் வெளிச்சம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் மெத்தென்று ஒரு நிழல். இங்கே ஆகாயம் கறுப்பு. நிழல் கத்தியால் அறுத்த மாதிரி விழும். போதாக்குறைக்கு ஒரே புள்ளி, ஒரே பள்ளம், புடவை பார்டர் போலத் திரும்பத் திரும்ப வருகிறது.

இதைப் பார்த்துக் கற்ற இயந்திரம் மூன்று நாளில் 187 இடங்களில் விரிசல் என்றது. கல்லில் இயற்கையாக ஓடும் வெள்ளை ரேகைகளில் பாதியை விரிசல் என்கிறது. ஒவ்வொன்றையும் ஒருவர் உடையணிந்து வெளியே போய்ப் பார்க்கவேண்டும். 187 இடத்திலும் ஒன்றுமில்லை.

மண்டபத்தின் பொறுப்பாளர் கீர்த்திவாசனிடமிருந்து செய்தி: "ஹசீனா, ஆளுங்க தூங்கி மூணு நாளாச்சு. இத சரி பண்ணுங்க, இல்லாட்டி நான் மெஷினையே ஆஃப் பண்ணிடுவேன்."

 

நாள் 66, 13:05
இரண்டு நாள் வீண். சொரசொரப்பைக் கூட்டினேன், பாகற்காய். குறைத்தேன், குளியலறை ஓடு. மேசையை அடித்ததில் கை வீங்கியிருக்கிறது. இதைக் குறித்துவைப்பது தேவையில்லைதான்.

நாச்சிமுத்து கூப்பிட்டார். மண்டபத்தின் கல்வேலை எல்லாம் அவர் பொறுப்பு. தாராபுரம் பக்கம். இயந்திரம் கத்தும்போதெல்லாம் வெளியே போகிறவர் அவர்தான். திட்டுவார் என்று நினைத்தேன். என் படங்களைப் பார்த்ததாகச் சொன்னார்.

"அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. உங்க கல்லுல உளி பட்ட மாதிரியே இல்லீங். உளி விழுந்த எடம் நொறுங்கி வெளுத்துப்போகுமுங். நீங்க பள்ளம் மட்டுந்தான் போட்டிருக்கறீங்க."

நாலு வருடமாகக் கல் வரைகிறேன். ஒரு கல்லையும் கையால் தொட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நாள் 70, 16:30
பூமிப் படங்களைத் தூக்கியெறிந்துவிட்டேன். வாசலிலேயே குவாரியில் கழித்துப்போட்ட கற்கள் கிடக்கின்றன. நாற்பதைத் தேர்ந்தெடுத்து, நான்கு நாளாக வெயிலில் படமெடுத்தேன். உளித்தழும்பு, தூசி, வெள்ளைக் கோடுகள், எல்லாம். ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் "ரேகை, ஆபத்தில்லை" என்று குறித்தேன்.

கணினி படத்தை வரைந்து முடித்ததும் திரையில் தூண் வந்தது. கல். கல்லேதான். கொஞ்சம் அழுதேன்.

நாள் 74, 09:00
புதுப் படங்களைப் பார்த்து இயந்திரம் கற்றபின் எச்சரிக்கைகள்: பூஜ்யம். தொடர்ந்து இரண்டாவது நாள்.

கீர்த்திவாசன்: "பிரமாதம் ஹசீனா. எல்லாரும் நல்லா தூங்கறாங்க."

நானும் தூங்கினேன், ஒன்பது மணி நேரம்.

நாள் 75, 06:50
இன்று மாலை நான்கு மணியளவில் மண்டபத்தில் சூரியன் மறையும். பிறகு இரண்டு வாரம் இருட்டு. கல் ஒரேயடியாகக் குளிரும். சாய்ந்த வெயிலில் கடைசியாகச் சில படங்கள் எடுக்க வெளியே வந்தேன். இயந்திரக் கையால் 23ஆம் கல்லைத் தூக்கினேன்.

இரண்டாகப் பிரிந்து விழுந்தது. வெள்ளைக் கோட்டின் வழியாக.

08:00
கோட்டுக்குள் இருந்தது ரேகை இல்லை. மாவு. விரிசலின் இரண்டு முகமும் சூட்டிலும் குளிரிலும் உரசி உரசி நொறுங்கிய வெள்ளை மாவு. விரிசலை அடைத்துக்கொண்டு ரேகை மாதிரியே தெரிகிறது.

நாற்பது கற்களையும் உடைத்துப் பார்த்தேன். ஒன்பதில் இதே கதை. அந்த ஒன்பதையும் நான் ஆபத்தில்லை என்று குறித்திருக்கிறேன். அவற்றிலிருந்து ஒரு லட்சம் படம் செய்திருக்கிறேன். விரிசலைப் பார்த்தால் பேசாமலிரு என்று இயந்திரத்துக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

உடனே கூப்பிட்டிருக்கவேண்டும். பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். வெட்கம். அதையும் குறித்துவைக்கிறேன்.

08:30
மண்டபத்தின் கேமராப் படங்களை நானே கண்ணால் பார்த்தேன். உத்தரம் ஏழு, கூடாரத்தின் வாசலுக்கு நேர் மேலே. நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. நாள் 63 படத்தில் ஒரு சாண். இன்று மூன்று சாண். ரேகை வளராது.

கீர்த்திவாசனிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அன்னைக்கு நூத்தி எண்பத்தேழு விரிசல்னீங்க. அப்புறம் ஒண்ணுமே இல்லன்னீங்க. இப்ப மறுபடியும் இருக்குங்கறீங்க. நான் எத நம்பறது?" என்று கேட்டார். இருட்டும் நேரத்தில் எல்லோரையும் வெளியேற்றுவது அதைவிட ஆபத்து என்றார். நியாயமான பேச்சு. அவரை அப்படிப் பேசவைத்தது நான்.

10:30
நாச்சிமுத்து யாரிடமும் கேட்காமல் ஏறிப் பார்த்திருக்கிறார். இங்கே காற்றில்லை, சத்தம் கேட்காது. தலைக்கவசத்தை உத்தரத்தோடு ஒட்டிவைத்துச் சுத்தியலால் தட்டினாராம். ஆறாவது உத்தரம் மணி மாதிரி கேட்டதாம்.

"ஏழு அப்படிக் கேக்கலீங் அம்மிணி. ஒடஞ்ச சட்டியத் தட்டுனாப்ல இருக்குதுங். நீங்க சொன்னது நெசந்தான்."

கீர்த்திவாசன் வெளியேறச் சொல்லிவிட்டார். இங்கே வருகிறார்கள்.

15:20
ஒரு தடவைக்கு இரண்டு பேர்தான் வாசல் வழியாக வரமுடியும். உடையணிந்து, காற்றை இறக்கி, கதவைத் திறக்க ஒரு மணி நேரம். நாச்சிமுத்தோடு சேர்த்து எட்டுப் பேர் வெளியே. கீர்த்திவாசனும் மருத்துவர் எஸ்தரும் உள்ளே.

நாச்சிமுத்து வாசலில் உத்தரம் ஏழுக்கு இரும்பு முட்டுக்கொடுத்து நிற்கிறார். கல் குளிரக் குளிர முட்டு தளர்கிறது, திருகிக்கொண்டே இருக்கவேண்டும். விட்டுவிட்டு வாருங்கள் என்றேன்.

"ரெண்டு பேரு வரோணுமுங். வந்துட்டா நானும் வந்தர்றேன்."

15:58
எஸ்தர் வெளியே. கீர்த்திவாசன் வெளியே.

16:01
கேமரா நான்கில் பார்த்தேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. முதலில் உத்தரம், பிறகு பலகைக்கற்கள், ஒவ்வொன்றாக, நிதானமாக. இங்கே எல்லாமே நிதானமாகத்தான் விழும். நாச்சிமுத்து நிமிர்ந்து பார்க்க நேரமிருந்தது. நகர நேரமில்லை.

அண்ணே என்று மூன்று முறை கூப்பிட்டேன். ரேடியோவில்

நாள் 77, 11:00
மூன்று பேருக்கான நிலையத்தில் பத்துப் பேர். காற்று இருபது நாளுக்கு. மீட்புக் கலம் இன்னும் பதினான்கு நாளில் வரும் என்கிறார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. எஸ்தர் தன் பங்குத் தண்ணீரில், இன்னும் வீக்கம் வடியாத என் கையைக் கழுவிக் கட்டுப்போட்டார். தாராபுரத்துக்கு, நாச்சிமுத்து வீட்டுக்கு, யார் பேசுவது என்று கீர்த்திவாசன் கேட்டார். நான் பேசுகிறேன் என்றேன்.

மூன்று லட்சம் படங்களையும் அழித்துவிட்டேன்.

12:40
கீர்த்திவாசன் இப்போதுதான் சொன்னார். எச்சரிக்கை நின்றதும், நாள் 74 அன்றே, என் படத்தொகுப்பைப் பூமிக்கு அனுப்பியிருக்கிறார். நல்ல வேலை வீணாகக்கூடாது என்று. அங்கிருந்து பழைய கல் கட்டடங்களைக் கண்காணிக்கும் பதினேழு இடங்களுக்குப் போயிருக்கிறது. அங்கேயும் வெயில், அங்கேயும் மாவு நிறைந்த கோடுகள்.

பதினேழுக்கும் எழுதினேன். பயன்படுத்தாதீர்கள், இயந்திரத்தை நிறுத்துங்கள், உத்தரங்களைத் தட்டிப் பாருங்கள்.

17:55
மூன்று இடங்கள் நிறுத்திவிட்டன. பன்னிரண்டு இடங்களிலிருந்து பதில் இல்லை. ஒன்று, என் பெயர் தங்கள் பட்டியலில் இல்லை என்கிறது.

கடைசியாக வந்தது, ஆயிரங்கால் மண்டபம் ஒன்றிலிருந்து. என் கடிதத்தைப் படிக்கும் முன்பே எழுதியது போலிருக்கிறது. முழுதாக இங்கே:

"மேடம், உங்க படங்கள் வந்து சேந்துச்சு. ரொம்ப நன்றி. நேத்துலேர்ந்து ஒரு எச்சரிக்கையும் இல்ல. நாளைக்குத் திருவிழா, விரிசலுக்காகக் கட்டின தடுப்புக் கயிறையெல்லாம் அவுத்துட்டு ஜனங்கள உள்ள விடறோம்."