கொழுந்து மடுவத்து வாசிப்பு

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பதுளையிலிருந்து மடுல்சீமை வரை பஸ்ஸில் நின்றபடியே. முழங்கால் வலி.

பள்ளி அதிபர் கூப்பிட்டார். ஜனவரியில் எனக்குப் பதுளை டவுன் பள்ளிக்கு இடமாற்றம் சரியாம். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவச் சொல்லுங்க டீச்சர்." நானே கேட்டதுதான். வீடு சேர்வதற்குள் மகள் தூங்கிவிடுகிறாள். இருந்தும் உடனே சரி என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை வாசிப்பு என்ன ஆகும்? பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்க மடுவக் கொட்டகையில் வரிசையாக நிற்கும் அம்மாமாருக்குப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவது. இப்போது நரிக் கதை. நான் தொடங்கியது. நான் போனால் போச்சு.

ஒக்டோபர் 15, புதன்

வாங்க: கரும்பலகைக்குச் சோக், தைலம், மகளுக்குக் குடை.

ஸ்மார்ட் போர்டு இன்னும் துணிக்குள். அதைக் கொண்டுவந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனார், அதுவும் படுத்துவிட்டது. பெற்றோர் வட்டக் கூட்டத்தைக் காலையில் வைத்தோம், அதுவும் நின்றுபோச்சு. அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு யார் வருவார்? என் வாசிப்புக்கு மட்டும் கொம்பா முளைத்திருக்கிறது?

நிறுக்கிற கணக்கப்பிள்ளை வேறு வாராவாரம் முனகல்: "இது மடுவமா, பள்ளிக்கூடமா?"

ஒக்டோபர் 16, வியாழன்

இரவெல்லாம் மழை. பசறைக்கு முன்னால் மண்சரிவு, பஸ் திரும்பிவிட்டது. வீட்டிலேயே. மத்தியானம் வெளுத்தது, பாதை திறக்கவில்லை. ஒரு வியாழனும் விட்டதில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

வெயில். பாதை திறந்தாச்சு.

பள்ளி வாசலில் செல்வி, நாலாம் வகுப்புக் கவினின் அம்மா. கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற வழி. நேற்று வரமுடியவில்லை என்றேன்.

"அதனால என்ன டீச்சர்? வாசிப்பு நடந்துச்சே."

"யாரு நடத்தினது?"

"யாரு நடத்தணும்? புள்ளைங்க வந்துச்சு, வாசிச்சுச்சு. ஆனா அந்த நரிக் கதைய எத்தன வாட்டிதான் கேக்குறது? கிளினிக் துண்டு, மருந்து போத்தல்னு ஆளுக்கொண்ணு கொண்டாந்தோம். கவின் எழுத்துக் கூட்டிக்கிட்டு நின்னான். கணக்கப்பிள்ளை தராச நிறுத்திட்டாரு, அவன் முடிக்கட்டும்னு."

அவரா?

பாடப்புத்தகத்தை விட்டுவிட்டார்களே என்று முதலில் சுருக்கென்றது. நான் இல்லாமலா என்றும். அப்புறம் தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி. தங்களுக்கு வேண்டியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இனி அது அவர்களுடையது. பிழைத்துக்கொள்ளும்.

அதிபரிடம் சரி என்றேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. வீட்டில் மகள் விழித்திருந்தாள். எனக்கு ஏதாவது வாசித்துக் காட்டு என்றேன். எந்தப் புத்தகம் என்று கேட்டாள். நரிக் கதை மட்டும் வேண்டாம் என்றேன்.