அம்மா தரையில் உட்கார்ந்துவிட்ட மத்தியானம்

அன்புக் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும். நாங்களும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடலம்மா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருக்கா, போன் பேசினா பக்கத்துலயே நிக்கிறா, அதான் இந்தக் கடுதாசி.

போன மாசம் தையல் மெஷினை ஜன்னல் பக்கம் நகர்த்தினவ ஒரு சத்தம் போட்டு அப்படியே குனிஞ்சு நின்னுட்டா. விழவும் இல்ல, அடிபடவும் இல்ல, சுளுக்குன்னு நினைச்சு நான் தைலம் தேச்சுக்கிட்டு இருந்தேன் பாரு, என் புத்தியை என்ன சொல்ல. எக்ஸ்ரேயில பாத்தா முதுகெலும்பு ஒண்ணு தேஞ்சு நசுங்கியிருக்கு. பால், தயிர் சாப்பிடுறதுண்டான்னு டாக்டரம்மா கேட்டதுக்கு, பால் குடிச்சா வயிறு ஊதிக்கும், ரெண்டையும் தொட்டே பல வருஷமாச்சுன்னு இவ பெருமையா சொல்றா. பால் ஒத்துக்காதவங்க பலருக்குத் தயிர் ஒத்துக்குமே, அதையும் விட்டா எலும்பு எதை நம்பி நிக்கும்னு கேட்டாங்க. இனி தயிர் மட்டும் போதாதுன்னு மாத்திரையும் ஊசியும் எழுதிக் கொடுத்தாங்க.

அன்னையிலேருந்து வீட்டுல பயம்தான் குடித்தனம் பண்ணுது. அவளுக்குத் தும்மல் வந்தா எனக்கு மூச்சு நின்னுடுது. வியாழக்கிழமை மத்தியானம் நான் தயிர் வாங்கிட்டு வந்தா பாத்ரூம் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு, கூப்பிட்டா பதில் இல்ல. மாடி வீட்டு வெல்டர் தம்பி ஓடிவந்து கதவை நெம்பித் திறந்தார். அம்மா விழல. ஈரத்தரையைப் பாத்ததும் விழுந்துடுவோமோன்னு தானாவே உட்கார்ந்திருக்கா, அப்புறம் எழுந்திருக்கவும் பயம், கத்தினா எலும்பு விட்டுடுமோன்னு அதுக்கும் பயம். வாயைப் பொத்திக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தா. அவளைத் தூக்கக் குனிஞ்ச நானும் பக்கத்துலயே உட்கார்ந்துட்டேன். பாவம் அந்தத் தம்பி, ரெண்டு பேரையும் தூக்க வேண்டியதாப் போச்சு.

டாக்டரம்மா நல்லாத் திட்டினாங்க. உட்கார்ந்தே கிடந்தா எலும்பு இன்னும் கரையும், வீட்டுக்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டாவது நடங்கன்னாங்க. இப்ப சாயங்காலம் தெருமுனை வரைக்கும் போய் வர்றோம். யார் யாரைப் பிடிச்சிருக்கோம்னு எனக்கே தெரியல, பயம் இன்னும் போகல. உனக்கும் அவ வயிறுதான், பால் வாடையே ஆகாது. தினம் ஒரு கிண்ணம் தயிராவது சாப்பிடு, கொஞ்சம் வெயில்ல நில்லும்மா.

நீங்க ரெண்டு பேரும் நிமிர்ந்த முதுகோட நூறு வயசு வரைக்கும் நடக்கணும். ஒண்ணு மட்டும் மறந்துடாதே. லீவுல வந்தா வாசல்லயே பாய்ஞ்சு அம்மாவைக் கட்டிக்குவியே, இந்தத் தடவை நீ நின்ன இடத்துலயே நில்லு. அவ நடந்து வரட்டும்.

உன் அப்பா