கரிசலுக்குப் பூசிய பச்சை

பதில் பேச வழியில்லாத இடத்தில் இருந்தாலும் அன்பில் குறையாத என் மச்சான் சவரிமுத்துவுக்கு,

நீர் போனபின் கோவில்பட்டியில் வெயில் கூடியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் வடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியைத் தெருவில் வைத்தே சுட்டெடுக்கிறார். நம்பாவிட்டால் போகட்டும். உம்ம ஸ்டூடியோவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டுவதில் இந்தச் சீமையில் எனக்கு நிகர் வானவில்தான். அதுவும் ஏழு நிறத்தோடு களைத்துப்போகிறது.

சேதி உம்ம மகனைப் பற்றியது. அந்தோணி பசுவந்தனையில் உள்ள நம் கரிசல் நிலத்தை, அந்தக் காட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறான். மானம் பார்த்த பூமிக்குப் பெண் கொடுக்க யார் வருவார்கள்? இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிற்று. மூன்றாவதாக அம்பாசமுத்திரம் பக்கம் லூர்து என்று ஒரு பெண். அவளைப் பார்த்துவிட்டு வந்த அன்று, மோர் என்று நினைத்து வடிகஞ்சியை ஊற்றிச் சாப்பிட்டான். இவளை விட்டால் வேறு பேச்சே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

பெண்ணின் தகப்பனார் ஆற்றுப்பாசனத்தில் நெல் விளைவிக்கிறவர். "மாப்பிள்ளையைப் பார்த்தாச்சு, காடு எப்படின்னு தெரியணும். படம் இருந்தா அனுப்புங்க" என்று சொல்லி அனுப்பினார்.

நம் காட்டை நீர் எடுத்த படம் ஒன்று இருந்ததே, அறுவடை முடிந்து உரத்துக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தபோது எடுத்தது? அதைக் கையில் எடுத்தேன். ஓரத்தில் பட்டுப்போன முள் உடைமரம். பிளேடு வைத்து நறுக்கினேன். ஒற்றைப் பனை படத்துக்கு நட்டநடுவே நின்றது. அடுத்த ஓரத்தையும் வெட்டி அதை நாசூக்காக ஒதுக்கினேன். வானத்துக்கு நீலம். மண்ணுக்கு அம்பாசமுத்திரமே வெட்கப்படும் பச்சை. ஒற்றை மயிர்ப் பிரஷால் கதிர்கூட வைத்தேன், பொன் நிறத்தில். ஆடுகள் அழகாக இருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

அனுப்பிவைத்த படத்தோடு பெண்ணின் தகப்பனாரே உம்ம வீட்டில் வந்து இறங்கினார்.

"அண்ணாச்சி, இது உங்க காடுதானா?"

"பின்ன? மூணு போகம் விளையுது."

"வெளையட்டும். கதிரு முத்துன வயலுக்குள்ள இம்புட்டு ஆடு நிக்கே, பத்திவிட ஒருத்தரும் இல்லையா? ஆட்டுக்காரரு வேற கம்பை ஊனிக்கிட்டுச் சிரிக்காரு. இந்த வீட்டுக்கா எம் மகளைக் குடுக்க?"

நான் படத்தை வாங்கி ஆடுகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

"அது வந்து... எங்க ஊரு ஆடு நெல்லு திங்காது."

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருக்கீகளா!" என்றாள் என் தங்கச்சி, உம்ம பெண்டாட்டி. அந்தோணி உள்ளே போய், அதே படத்தில் நீரே கழுவிப் போட்ட இன்னொரு பிரிண்டை, வெட்டாத, பூசாத படத்தை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான்.

"அது மாமா தீட்டுனது. இது அப்பா எடுத்தது. தண்ணி கிடையாது. மழை பெஞ்சா பருத்தி, இல்லைன்னா இந்த வெறும் மண்ணுதான்."

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "கிடை போட்டிருக்கீக. சரி. ரெண்டையும் எம் மககிட்ட காட்டுதேன். இருக்கப்போறவ அவ, அவளே சொல்லட்டும்."

அந்தோணி இளைத்துப்போனான். ஒருநாள் கழுகுமலை பஸ்ஸில் ஏறி, இறங்க மறந்து சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்தான். நீர் இருந்திருந்தால் சிரித்திருப்பீரா, என்னை விரட்டியிருப்பீரா?

கடைசியில் பெண்ணின் தகப்பனார் மறுபடி வந்தார். லூர்து இரண்டு படத்தையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்: "அந்தப் பச்சை பூசுன மாமா அவிய கூடயேவா இருக்காவ?"

"இல்லம்மா, அவரு கோவில்பட்டியில தனி வீடு."

"அப்படின்னா சரிப்பா."

தையில் கல்யாணம், மச்சான். குடும்பப் படத்தை அந்தக் காட்டிலேயே வைத்து நான்தான் எடுக்கப்போகிறேன். ஒரு சொட்டு வண்ணம் வைக்க மாட்டேன். என் தங்கச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு எடுப்பேன். படத்தில் அங்கே ஓட்டை விழுகிறதே என்று எவனாவது கேட்டால் காரணம் சொல்ல மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உம்ம பெண்டாட்டியின் அண்ணன்,
உம்ம மருமகள் தூரத்திலேயே இருக்கச் சொன்ன மாமன்.