முகஜாடையை நம்பாதவளுக்கு

ஃபிரிட்ஜைத் திறந்ததும் கொத்தமல்லி வாசனை அடித்தது. அதே தட்டில் கேரட். கீழ்த்தட்டில் தக்காளி, கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பச்சைமிளகாய். நீ போன பிறகும் என் கை உன் பேச்சைக் கேட்டு, காய்களைச் சொந்தம் பார்த்துத்தான் அடுக்குகிறது. ஒருத்திக்கு எதற்கு இத்தனை காய் என்று வாங்கி வந்த பிறகுதான் தோன்றுகிறது.

வாடகையைப் பாதியாக்கத்தான் பெங்களூரின் இந்த மல்லேஸ்வரம் வீட்டில் நாம் சேர்ந்தோம். நீ கல்லூரியில் உயிரியல் பாடம் நடத்துபவள், நான் தபாலாபீஸ்காரி. வந்த முதல் வாரமே, சேனையை உருளைக்கிழங்கோடு ஒரே தட்டில் வைத்ததற்குச் சண்டைக்கு வந்தாய்.

"ரெண்டும் மண்ணுக்குள்ள இருந்தா சொந்தமாயிடுமா? சேனைக்குச் சொந்தம் சேப்பங்கிழங்கு. உருளைக்குச் சொந்தம் கத்தரிக்கா. பூவைப் பாரு, தெரியும்."

இப்படியொரு கொடுமை நடக்கும் என்று வீட்டு புரோக்கர் சொல்லவே இல்லை. உன்னைச் சீண்டுவதற்காகவே ஒருநாள் சுவரில் இருந்த பல்லியைக் காட்டி, "முதலைக்குத் தம்பிதானே?" என்றேன்.

"பல்லியைவிட காக்காதான் முதலைக்குக் கிட்டத்துச் சொந்தம். ஜாடையைப் பாக்காத. ரெண்டு பேருக்கும் பொதுவான மூதாதை எவ்வளவு பக்கத்துல இருக்காங்கன்னு பாரு. அதுதான் கணக்கு" என்றாய்.

மார்க்கெட்டில் பூக்காரம்மா நம்மைப் பார்த்தால் தன் கன்னடத் தமிழில் "அக்கா தங்கியா நீங்க?" என்பாள். இருவரும் குட்டை, இருவருக்கும் சோடாபுட்டிக் கண்ணாடி. "இல்லம்மா, வெறும் ஜாடைதான்" என்று உடனே திருத்திவிடுவாய். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. ஒரு தடவையாவது அதைச் சும்மா விட்டிருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் வலிக்கும். உன்னிடம் சொன்னதில்லை.

மூச்சுவிட முடியாமல் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ஐசியு வாசலில் செக்யூரிட்டி என்னை நிறுத்தி, "நீங்க பேஷண்ட்டுக்கு என்ன ஆகணும்?" என்றார். "ஃப்ரெண்டு" என்றேன். "ரிலேஷன் மட்டும்தான் மேடம். சொல்ப... கொஞ்சம் அங்க உக்காருங்க." மும்பையிலிருந்து உன் தம்பி வந்துகொண்டிருந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் நர்ஸ் கதவைத் திறந்து, "அக்கா யாருங்க இங்க? எங்கக்காவை உள்ள விடுங்கன்னு பேஷண்ட் ஒரே கலாட்டா" என்றாள்.

சுற்றிப் பார்த்தேன். வேறு யாரும் எழுந்திருக்கவில்லை.

உள்ளே வந்து உன் காதருகே, "நமக்குப் பொது மூதாதை யாருடி?" என்று கேட்டேன். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாய்.

"பின்னாடி போய்க்கிட்டே இரு. கிடைப்பாங்க."

மறுநாள் நீ இல்லை. தம்பி காரியமெல்லாம் ஒழுங்காகச் செய்தான். அவனிடம் உன் ஜாடை கொஞ்சமும் கிடையாது. "நீங்க ஹவுஸ் ஓனருங்களா?" என்று மரியாதையாகத்தான் என்னைக் கேட்டான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலை நானே கேட்பதில்லை. வெளியே போனால் காய்க்காரர், பஸ் கண்டக்டர் எல்லோருக்கும் நான் அக்காதான். அது மரியாதைக்குச் சொல்வது. சொந்தம் என்று சொன்னவள் நீ ஒருத்திதான். அதுவும் ஒரே முறை, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம். அதை நான் என் காதால் கேட்கவில்லை.